மீன் சாப்பிடலாமா, கடல்ல குளிக்கலாமா: கடல் மாசும் நம்ம உடம்பும், கேள்வி பதில்

வணக்கம் எல்லாருக்கும். நான் பதினாலு வருஷமா மீன்ல பாதரசம், ஈயம், காட்மியம் எல்லாம் எவ்வளவு இருக்குன்னு பாக்குற லேப்ல வேலை பாக்குறேன். பொறந்தது தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல, அப்பா நாட்டுப்படகுல போனவரு. கடல் மாசு பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு சொன்னதும் வந்த கேள்வில பாதிக்கு மேல "மீன் சாப்பிடலாமா வேண்டாமா" தான். முதல்லயே சொல்லிடுறேன், மீனை விடுங்கன்னு நான் எங்கயும் சொல்லப் போறதில்ல, எந்த மீன், எங்க பிடிச்சது, யாரு சாப்பிடுறாங்க, இந்த மூணையும் பாருங்கன்னு தான் சொல்லப் போறேன். நான் டாக்டர் இல்ல, உடம்புக்கு ஏதாவதுன்னா நேர்ல போய் காட்டுங்க.

கேள்வி (நாகப்பட்டினத்துல இருந்து ஒரு அம்மா): மருமகளுக்கு குழந்தை பொறந்து இருபது நாள் ஆகுது. பால் ஊறட்டும்னு பால்சுறா புட்டு செஞ்சு குடுத்தேன். என் பொண்ணு போன்ல எதையோ படிச்சிட்டு, சுறாவுல பாதரசம் இருக்கு குடுக்காதேன்னு சண்டைக்கு வர்றா. நாங்க எல்லாம் அதை சாப்பிட்டு தானே பிள்ளை வளத்தோம்?

பதில்: அம்மா, நீங்க பாசமா செஞ்சது, குடுத்த ஒரு தடவைக்கு எந்த பயமும் வேண்டாம். ஆனா உங்க பொண்ணு சொல்றதுலயும் விஷயம் இருக்கு. பாதரசம் சின்ன மீன்ல கொஞ்சமா இருக்கும், அதை தின்ன மீன்ல அதைவிட கூட, அதையும் தின்ன பெரிய மீன்ல இன்னும் கூட, இப்படி மேல போக போக ஏறிக்கிட்டே போகும். சுறா கடைசில நிக்குற மீன், அதோட பல வருஷம் உயிரோட இருக்கும், சேத்துக்கிட்டே இருக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் போட்ட பட்டியல்ல சுறாவுக்கு சராசரி கிலோவுக்கு 0.979 மில்லிகிராம், நெத்திலிக்கு 0.016, சாளைக்கு 0.013. அதாவது நெத்திலிய விட சுறாவுல அறுபது மடங்கு. அது அவங்க ஊரு சுறா, நம்ம பால்சுறா சின்ன ஜாதி, அதுல அவ்வளவு இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மார்க்கெட்ல துண்டு போட்டு "பால்சுறா"ன்னு விக்கிறது பெரிய சுறாவோட துண்டாவும் இருக்கலாம், தோலை உரிச்சிட்டா யாருக்கு தெரியும்? வாங்கினா முழுசா, முழங்கை நீளத்துக்குள்ள இருக்குறதா பாத்து வாங்குங்க, அதுவும் எப்பவாவது.

இன்னொண்ணு, தாய்ப்பால் வழியா போறதை விட வயித்துல இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு போற பாதரசம் தான் ரொம்ப கூட. அதனால மாசமா இருக்குற பொண்ணுங்களுக்கு தான் பெரிய சுறா, மயில் மீன், பெரிய சைஸ் சூரை இதெல்லாம் கட்டாயம் வேண்டாம்னு சொல்றோம். பால் ஊறுறது குழந்தை அடிக்கடி சப்புறதுலயும் தாய் நல்லா சாப்பிட்டு தண்ணி குடிக்கிறதுலயும் தான் இருக்கு. சாளை குழம்பு, நெத்திலி அவியல், காரப்பொடி மீன் வச்சுக் குடுங்க, மூளை வளர்ச்சிக்கு வேணுங்குற கொழுப்பும் அதுலயே கிடைச்சிரும். வாரத்துக்கு கால் கிலோவுல இருந்து முன்னூறு கிராம் தாராளமா சாப்பிடலாம்.

கேள்வி: மஞ்சள் போட்டு கழுவினா, நல்லா கொதிக்க வச்சா பாதரசம் போயிடுமா மேடம்?

பதில்: போகாது. அது மீனோட சதையில இருக்குற புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. கழுவினாலும், வறுத்தாலும், புளி ஊத்தினாலும் அப்படியே தான் இருக்கும். ஆனா உடம்புக்குள்ள போனது நிரந்தரமா தங்குறதில்ல, நிறுத்தினா கிட்டத்தட்ட ஐம்பது நாளுக்கு ஒருக்கா பாதியா குறையும். குழந்தை பெத்துக்கணும்னு யோசிக்கிறவங்க ஒரு ஆறு மாசம் முன்னாடியே பெரிய மீனை குறைச்சிக்கோங்கன்னு சொல்றது அதனால தான்.

கேள்வி (கோயம்புத்தூர், பயாலஜி டீச்சர்): மினமாட்டா பத்தி பாடத்துல ஒரே ஒரு வரி தான் இருக்கு. பிள்ளைங்களுக்கு சொல்ற மாதிரி கொஞ்சம் விரிவா சொல்லுங்க.

பதில்: டீச்சர், இதை கேட்டதுக்கு ரொம்ப நன்றி. ஜப்பான்ல கியூஷு தீவுல ஒரு சின்ன மீனவ ஊரு மினமாட்டா. அங்க சிஸ்ஸோன்னு ஒரு கம்பெனி 1932ல இருந்து அசிட்டால்டிஹைடுன்னு ஒரு கெமிக்கல் தயார் பண்ணுச்சு, அதுக்கு பாதரசம் வேணும், கழிவு நேரா வளைகுடாவுக்கு போச்சு. 1950கள்ல முதல்ல பூனைங்களுக்கு தான் வந்துச்சு. மீன் தின்ன பூனைங்க திடீர்னு வலிப்பு வந்து சுத்தி சுத்தி ஆடி கடல்ல விழுந்து செத்துச்சு, ஊர்ல அதுக்கு ஆடுற பூனை நோய்னே பேரு வச்சாங்க. அப்புறம் மனுஷங்களுக்கு. கை விரல் மரத்துப் போறது, சட்டை பட்டன் போட முடியாம போறது, நடை தள்ளாடுறது, பார்வை ஒரு குழாய்க்குள்ள பாக்குற மாதிரி சுருங்குறது, பேச்சு குழர்றது. 1956 ஏப்ரல்ல ஒரு அஞ்சு வயசு பொண்ணை அந்த கம்பெனி ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு வந்தாங்க, மே 1ம் தேதி அங்க இருந்த டாக்டர் ஹொசோகாவா, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுதுன்னு சுகாதாரத் துறைக்கு எழுதினாரு. அதே டாக்டர் 1959ல பூனைங்களுக்கு ஆலை கழிவை சாப்பாட்டுல கலந்து குடுத்து பாத்தாரு, 400ம் நம்பர் பூனைக்கு அதே நோய் வந்துச்சு. கம்பெனி அதை வெளிய விடல. கழிவை கடல்ல விடுறதை நிறுத்தினது 1968ல தான், அரசாங்கம் காரணத்தை ஒத்துக்கிட்டதும் அதே வருஷம். ஒன்பது வருஷம் டீச்சர், தெரிஞ்சும் ஒன்பது வருஷம் ஓடிச்சு, அந்த வருஷங்கள்ல பொறந்த பிள்ளைங்களை நினைச்சா எனக்கு இன்னைக்கும் நெஞ்சு கனக்கும்.

அந்த பிள்ளைங்க கதை தான் முக்கியம். அதுவரைக்கும் நஞ்சுக்கொடி ஒரு சுவரு மாதிரி, தாய்க்கு வர்ற விஷத்தை குழந்தைக்கு விடாதுன்னு டாக்டருங்க நம்பினாங்க. இங்க தாய்க்கு லேசா கை மரத்துப் போறதோட இருக்கும், பொறந்த குழந்தை தலை நிக்காது, பேசாது. பாதரசம் தாயை விட்டு குழந்தைக்கு இறங்கிருச்சு. இதை எப்படி நிரூபிச்சாங்க தெரியுமா? நம்ம ஊர்ல விழுந்த தொப்புள்கொடிய காய வச்சு தாயத்துக்குள்ள போட்டு வைப்போம்ல, அதே மாதிரி ஜப்பான்லயும் காய்ஞ்ச தொப்புள்கொடிய சின்ன மரப்பெட்டில பத்திரமா வச்சிருப்பாங்க. பிற்காலத்துல அந்த வீடுகள்ல இருந்து அந்த கொடிகளை வாங்கி சோதிச்சப்ப, எந்த வருஷம் பொறந்த பிள்ளைக்கு எவ்வளவு பாதரசம் போச்சுன்னு தெரிஞ்சது, ஆலை உற்பத்தி கூடின வருஷங்கள்ல கொடில பாதரசமும் கூடியிருந்துச்சு. பாசத்துக்காக எடுத்து வச்சது சாட்சியா வந்து நின்னுச்சு. அரசாங்கம் சான்று குடுத்த நோயாளிங்க 2,200க்கு மேல, சான்று கிடைக்காம நஷ்டஈடு கேட்டவங்க பல்லாயிரம் பேரு. 2013ல பாதரசத்தை கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்துக்கு மினமாட்டான்னு பேரு வச்சது இதனால தான், 2017ல இருந்து அமல்ல இருக்கு.

கேள்வி: அது ஆலை கழிவு. நம்ம கடல்ல அந்த மாதிரி ஆலை இல்லையே, அப்புறம் எப்படி பாதரசம் வருது?

பதில்: மினமாட்டா அளவு இங்க இல்ல, அது உண்மை, அந்த பயத்தை யாரும் பரப்ப வேண்டாம். ஆனா பாதரசம் காத்துலயும் வரும். உலகத்துல மனுஷன் காத்துல விடுற பாதரசத்துல கிட்டத்தட்ட 38 சதவீதம் சின்ன அளவு தங்கச் சுரங்கங்கள்ல இருந்து, 21 சதவீதம் நிலக்கரி எரிக்கிறதுல இருந்து. நிலக்கரி புகைல போனது மழையோட கடல்ல விழும், அடி சேத்துல இருக்குற பாக்டீரியா அதை உடம்புல சேருற வகையான மெத்தில் பாதரசமா மாத்தும், அங்க இருந்து பாசி, இறால் குஞ்சு, சாளை, சூரை, சுறான்னு ஏறும். அதனால தான் எந்த ஆலையும் இல்லாத நடுக்கடல்ல பிடிக்கிற பெரிய மீன்லயும் பாதரசம் இருக்கு. பொதுவா கடல் மாசுல 80 சதவீதத்துக்கு மேல நிலத்துல இருந்து போறது தான், சாக்கடை, உரம், சாம்பல், பிளாஸ்டிக் எல்லாம் சேத்து.

கேள்வி (சென்னை): அக்கா சின்ன மீன் நல்லதுன்னு சொல்றீங்க, ஆனா நெத்திலிய குடலோட தானே சாப்பிடுறோம், அதுல மைக்ரோபிளாஸ்டிக் இருக்காதா?

பதில்: நல்ல கேள்வி தம்பி. பிளாஸ்டிக் துகள் மீனோட குடல்லயும் செவுள்லயும் தான் அதிகம், சதையில ரொம்ப குறைவு. பெரிய மீன்ல குடலை எடுத்துடுறோம், நெத்திலில சோம்பல்ல விட்டுடுறோம். எங்க அம்மா செய்யிற மாதிரி செய்யுங்க, கட்டை விரல் நகத்தால தலைக்கு பின்னாடி கிள்ளி அப்படியே வயித்துப் பக்கமா கீழ இழுத்தா தலையோட குடல் முழுசா கறுப்பு நூல் மாதிரி வந்துரும், ஒரு மீனுக்கு ரெண்டு செகண்ட் கூட ஆகாது. கருவாட்டு நெத்திலிக்கும் தலையை கிள்ளி, ஊற வச்சு, குடலை எடுத்துட்டு ரெண்டு தண்ணி அலசிருங்க.

பிளாஸ்டிக் உடம்பை என்ன செய்யுதுன்னு இப்ப தான் ஒண்ணொண்ணா தெரிய வருது. 2022ல நெதர்லாந்துல 22 பேரோட ரத்தத்தை பாத்ததுல 17 பேருக்கு பிளாஸ்டிக் துகள் இருந்துச்சு. 2024ல இத்தாலில கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆபரேஷன் பண்ணின 257 பேரை தொடர்ந்து பாத்தாங்க, எடுத்த அடைப்புல பிளாஸ்டிக் இருந்தவங்களுக்கு அடுத்த மூணு வருஷ அளவுல ஹார்ட் அட்டாக், பக்கவாதம், மரணம் இதுல ஏதாவது வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட நாலரை மடங்கு. பிளாஸ்டிக் தான் காரணம்னு இதை வச்சு முடிவு கட்ட முடியாது, ஆனா எனக்கு இது சாதாரண விஷயமா தெரியல. அது மீன்ல இருந்து மட்டும் வர்றதுன்னும் நினைக்காதீங்க, காத்து, தண்ணி பாட்டில், சூடா சாம்பார் கட்டிக் குடுக்குற கவர் எல்லாத்துலயும் இருந்து வருது. மீனை மட்டும் குத்தவாளி ஆக்குறது நியாயமே இல்ல.

கேள்வி: உப்பு? தூத்துக்குடி உப்புல பிளாஸ்டிக் இருக்காமே.

பதில்: கடல் உப்பு எல்லாத்துலயும் இருக்கு, எங்க ஊரை மட்டும் சொல்லாதீங்க. 2018ல பம்பாய் ஐஐடி ஆளுங்க இந்திய உப்பை சோதிச்சதுல கிலோவுக்கு சுமார் 64 மைக்ரோகிராம் வந்துச்சு. தினம் அஞ்சு கிராம் உப்புன்னு வச்சா வருஷம் முழுக்க 0.12 மில்லிகிராம். கடல்தண்ணிய பாத்திக்கு விடுறதுக்கு முன்னாடி மணல் வழியா வடிகட்டினா 85 சதவீதத்துக்கு மேல போயிரும்னும் அவங்களே காட்டினாங்க. செய்யக் கூடிய வேலை அது, செஞ்சா நல்லது. உப்பால உங்களுக்கு இப்ப வர்ற ஆபத்து பிரஷர் தான், அளவை குறைங்க.

கேள்வி (கன்னியாகுமரி மாவட்டம்): 2025ல கப்பல் மூழ்கினப்ப எங்க கடற்கரை முழுக்க வெள்ளை குருணை ஒதுங்குச்சு, இப்பவும் மணலை கிளறினா வருது. பிள்ளைங்க அதுல தான் விளையாடுது. தொட்டா ஏதும் ஆகுமா?

பதில்: 2025 மே 25ல கொச்சி பக்கம் மூழ்குன எம்எஸ்சி எல்சா 3 கப்பல்ல இருந்து வந்த பிளாஸ்டிக் குருணை அது. நானும் உங்க பக்கம் வந்து ஒரு கை அள்ளிப் பாத்தேன், ஜவ்வரிசிய விட கொஞ்சம் பெருசா, ஒரு பக்கம் சப்பையா, வழுவழுன்னு இருந்துச்சு, விரலை விரிச்சா மணல் எல்லாம் உதிர்ந்து போன பிறகும் அது மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். தொடுறதால ஒண்ணும் ஆகாது. ஆனா இந்த குருணை கடல்ல கிடக்க கிடக்க தண்ணில கரைஞ்சு இருக்குற பூச்சிமருந்து, பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய்ல இருந்த பிசிபி மாதிரி கெமிக்கலை இழுத்து சேத்துக்கும், சுத்தி இருக்குற தண்ணில இருக்குறதை விட பத்து லட்சம் மடங்கு வரைக்கும் சேரும்னு ஜப்பான்ல அளந்து காட்டியிருக்காங்க. அதனால ரெண்டு மூணு வயசு குழந்தைங்க வாயில போடாம பாத்துக்கோங்க, விளையாடிட்டு வந்ததும் கை கழுவ வைங்க. கூட்டி வச்சு எரிக்கவே கூடாது, அந்த புகை தான் நெஞ்சுக்கு உடனடி கெடுதல். மாவு சலிக்கிறதை விட பெரிய கண் சல்லடைல சலிச்சு மூட்டை கட்டி ஊராட்சில ஒப்படைங்க.

கேள்வி (திருவொற்றியூர்): 2017ல எண்ணூர்ல எண்ணெய் கொட்டினப்ப காலேஜ் பசங்க நாங்க வாளியில அள்ளினோம் மேடம். நாலு நாள் தலைவலி, கையெல்லாம் அரிப்பு இருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. இத்தனை வருஷம் கழிச்சு ஏதாவது வருமா?

பதில்: முதல்ல, நீங்க செஞ்சது பெரிய காரியம். ஜனவரி 28ம் தேதி விடியக்காலைல காமராஜர் துறைமுகம் கிட்ட ரெண்டு கப்பல் மோதினதுல கொட்டினது கெட்டியான பர்னஸ் ஆயில். எண்ணெய் கொட்டின முதல் ரெண்டு மூணு நாள்ல பென்சீன் மாதிரி ஆவியாகுறது தலைவலி, வாந்தி, கண் எரிச்சல் குடுக்கும், அப்புறம் மிஞ்சுற கறுப்பு பிசுக்குல இருக்குறது தோல் வழியாவும் போகும், அதுல சிலது கேன்சர் வரவைக்கக் கூடியது. 2002ல ஸ்பெயின் கரையில பிரஸ்டீஜ் கப்பல் எண்ணெயை அள்ளின மீனவங்களை ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தப்பவும் இருமல், மூச்சு வாங்குறது மத்தவங்களை விட கூட இருந்துச்சு, அதிக நாள் வேலை பாத்தவங்களுக்கு அதிகமாவும் இருந்துச்சு. நாலு நாள் அள்ளிட்டு அறிகுறி முழுசா போயிருச்சுன்னா நீங்க பயந்துக்கிட்டு இருக்க வேண்டாம், டாக்டர்ட்ட எப்ப போனாலும் இதை ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

எனக்கு கவலை எல்லாம் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்தப்ப எண்ணூர் கழிமுகத்துல படகுல நின்னு வெறும் கையால அள்ளின மீனவங்களைப் பத்தி தான். அவங்களுக்கு வீட்டு வாசலே அந்த தண்ணி, நாலு நாள்ல விட்டுட்டுப் போக முடியாது. இனிமே எங்க எண்ணெய் கொட்டினாலும் கையுறை, பூட்ஸ், ஆவிக்கு உண்டான முகமூடி இல்லாம யாரும் இறங்காதீங்க, துணி கட்டிக்கிட்டா ஆவியை தடுக்காது. மேல பட்டதை பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டு துடைக்காதீங்க, தேங்காய் எண்ணெய் தேய்ச்சு அப்புறம் சோப்பு போடுங்க.

கேள்வி (திருநெல்வேலி): அப்பாவுக்கு சுகர், கால்ல சின்ன புண்ணு. திருச்செந்தூர் போறோம், உப்புத் தண்ணி பட்டா புண்ணு ஆறும்னு கடல்ல குளிக்கணுங்கிறாரு. குளிக்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லுங்க. சாமி கும்பிட்டு தலைல ரெண்டு கை தண்ணி தெளிச்சுக்கட்டும், புண்ணை நனைக்க வேண்டாம். வெதுவெதுப்பான கடல் தண்ணில, அதுவும் ஆத்துத் தண்ணி கலக்குற இடத்துல விப்ரியோன்னு ஒரு பாக்டீரியா குடும்பம் இயற்கையாவே இருக்கு, காலராவும் அந்த குடும்பம் தான். அதுல ஒரு வகை புண்ணு வழியா போனா சுகர் இருக்குறவங்களுக்கும் கல்லீரல் கோளாறு இருக்குறவங்களுக்கும் ஒரே நாள்ல கால் வீங்கி, கொப்பளம் வந்து, உயிருக்கே ஆபத்தாகும். கடல்ல இறங்கின மறுநாள் புண்ணை சுத்தி சிவந்து வீங்கி காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டு பாக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி, கடல் தண்ணி பட்டுச்சுன்னும் சொல்லணும். இது போக சாக்கடை கலக்குற கரைங்கள்ல வயித்துப்போக்கு, காது சீழ், தோல் படை எல்லாருக்குமே வரும். சென்னைல கூவம், அடையாறு முகத்துவாரம் பக்கத்துல பிள்ளைங்களை இறக்காதீங்க, எந்த ஊரா இருந்தாலும் பெருமழைக்கு அப்புறம் மூணு நாள் கடல்ல குளிக்காதீங்க.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரைல பாதரசம் இருக்குமா?

பதில்: ரொம்ப ரொம்ப கம்மி, அது சதையில தங்குற பொருள், எண்ணெய்ல இல்ல.

கேள்வி (செங்கல்பட்டு): மட்டி, சிப்பி சாப்பிடுறவங்க நாங்க. நல்லா அவிச்சு தான் சாப்பிடுறோம், போதாதா?

பதில்: கிருமிக்கு போதும், பாசி விஷத்துக்கு போதாது. சில பாசி கடல்ல திடீர்னு பெருகும், சாக்கடையும் உரமும் போய் சேந்தா அதுக்கு இன்னும் நல்ல தீனி. மட்டி ஒரு நாளைக்கு லிட்டர் கணக்குல தண்ணிய வடிகட்டி சாப்பிடுறதால அந்த விஷத்தை சேத்து வச்சுக்கும், வேக வச்சாலும் அது அழியாது. 1981ல உங்க பக்கம் வாயலூர்ல மட்டி சாப்பிட்டு 85 பேரு ஆஸ்பத்திரில சேந்து 3 பேரு இறந்துட்டாங்க, 1997ல கேரளாவுல விழிஞ்ஞத்துல சிப்பி சாப்பிட்டு 7 பேரு இறந்தாங்க. கடல் தண்ணி சிவப்பாவோ பச்சையாவோ நிறம் மாறி நாத்தம் அடிச்சா அந்த சில வாரம் மட்டி, சிப்பி எடுக்காதீங்க. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல உதடு, நாக்கு மரத்துப் போனா காத்திருக்காம கிளம்புங்க.

கேள்வி (நீர்கொழும்பு): 2021ல கப்பல் எரிஞ்ச நேரம் எங்கட மீனை ஒருத்தரும் வாங்கல, மாசக்கணக்கா சாப்பாட்டுக்கே கஷ்டம். உங்கள மாதிரி ஆக்கள் இப்படி எழுதினா திரும்பவும் எங்கட வயித்துல தானே அடி விழும்?

பதில்: அண்ணே, எங்க அப்பா இருந்தா இதே கேள்விய தான் என்கிட்ட கேட்டிருப்பாரு. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல்ல இருந்து ஆயிரத்து அறுநூறு டன்னுக்கு மேல பிளாஸ்டிக் குருணை, எரிஞ்சது எரியாததுன்னு உங்க கரையில வந்து கொட்டுச்சு. அதை நீங்க செய்யல, ஆனா நஷ்டம் முழுக்க உங்க வீட்டுக்கு வந்துச்சு, அதோட மீன்ல விஷம்னு வதந்தியும். சரியான சோதனை முடிவை இறங்குதுறை வாரியா, மீன் வாரியா, உடனுக்குடன் மக்கள் மொழில வெளியிட்டிருந்தா அந்த வதந்திக்கு இடமே இருந்திருக்காது. எது நல்லா இருக்குன்னு சொல்ல ஆள் இல்லாதப்ப தான் ஜனங்க எல்லாத்தையும் ஒதுக்குறாங்க. நான் எழுதுறதும் அதுக்கு தான், சாளையும் நெத்திலியும் அயிலையும் தைரியமா வாங்குங்கன்னு பேர் சொல்லி எழுதுறேன், சின்ன படகுக்காரங்க கொண்டு வர்ற மீனும் பெரும்பாலும் அது தான்.

உங்களை பத்தி ஒண்ணு கேக்கணும். விக்காம மிஞ்சின மீனை யாரு சாப்பிடுறது? எங்க வீட்ல நாங்க தான் சாப்பிட்டோம், மூணு வேளையும். உலகத்துல எங்க பாத்தாலும் மீனவ வீட்ல தான் மத்தவங்களை விட மீன் அதிகம், மினமாட்டாவுல முதல்ல விழுந்ததும் அந்த வீடுகள் தான். அதனால பாதரச பரிசோதனை பண்றதா இருந்தா உங்க வீட்டு பொண்ணுங்கள்ட்ட இருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு ரத்தம் கூட வேண்டாம், பின்கழுத்துக்கு மேல தோலை ஒட்டி ஒரு சின்ன கத்தை முடி வெட்டினா போதும், முடி மாசம் ஒரு சென்டிமீட்டர் வளரும், மூணு சென்டிமீட்டர் வெட்டினா கடைசி மூணு மாசம் அவங்க சாப்பிட்ட மீனோட கணக்கு அதுல இருக்கும். உங்க ஊர்ல சங்கம் மூலமா பத்து வீடு சேந்தீங்கன்னா, எப்படி வெட்டணும், எந்த கவர்ல போடணும், எந்த மாதிரி லேப்ல கேக்கணும்னு நான் எழுதி அனுப்புறேன். மாசமா இருக்குறவங்க பேரை முதல்ல எடுங்க.